பாசக் கயிறு

துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் திருட்டுப் பயம் கிடையாது என்றுதான் நான் வெகு காலம் எண்ணியிருந்தேன். சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவருடன் அவருடைய காரில் திருத்தணிக்குப் போய் வந்தேன். அன்றோடு அந்த எண்ணம் போயிற்று.

நண்பர் குறி பார்த்துச் சுடுவதில் பிரியமுள்ளவர். ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு பயிற்சித் திடலுக்கு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போவார். காகிதத்தில் போட்ட வட்டங்களை நாள் முழுவதும் துளைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார். மற்றபடி ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத சாது. "வருகிற வழியில் முருகனையும் தரிசித்துவிடலாம்" என்று ஆசை காட்டி ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

திடலில் இருந்தவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த மனிதர், திரும்புவதற்காகக் காரில் ஏறியதும் வேறு ஆளாகிவிட்டார். தோட்டா நீக்கிய துப்பாக்கி உறைக்குள் இருந்தது. உறை பெட்டிக்குள் இருந்தது. தோட்டாக்கள் தனியாக வேறொரு பெட்டியில் பூட்டப்பட்டிருந்தன. வழியில் ஒரு கடையில் டீ குடிக்கலாமே என்றேன். கூடவே கூடாது என்று தலையை ஆட்டினார்.

"ஸார், துப்பாக்கிக்காரனுக்குப் பணம் திருடுகிறவனிடம் பயம் இல்லாமல் இருக்கலாம். துப்பாக்கியையே திருடுகிறவனிடம் பயம் உண்டு. திடலில் நாலு பேர் கூட இருக்கிறார்கள். வீட்டில் பூட்டும் சாவியும் இருக்கின்றன. நடுவில் உள்ள இந்த வழிதான் ஆபத்து. எங்கிருந்து வருகிறேன் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் திரும்ப மாட்டேன். ஏதாவது ஒரு வண்டி வெகு நேரம் பின்னாலேயே வந்தால் வீட்டுக்குப் போக மாட்டேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன்."

நியாயமான பேச்சு. நான் டீயை மறந்துவிட்டேன்.

நகரியைத் தாண்டிச் சற்றுத் தூரம் வந்திருப்போம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் ஒரு கிழவியும் ஒரு சிறுமியும் நின்றார்கள். பக்கத்தில் மூங்கில் கூடைகள் அடுக்கியிருந்தன. கிழவி கை காட்டினாள். நண்பர் வேகத்தைக் கூட்டினார். அதில் நான் குறை காணவில்லை. துப்பாக்கி இருக்கிற வண்டியில் வழிப்போக்கரை ஏற்றாமல் இருப்பதுதான் முறை. ஆனால் நண்பர் அதோடு நிற்கவில்லை.

"கூடை முடைகிற கூட்டம், ஸார். பரம்பரையாகவே திருட்டு ஜாதி. சர்க்காரே அந்தக் காலத்தில் எழுதி வைத்திருக்கிறது" என்றார்.

சர்க்கார் எழுதி வைத்தது வாஸ்தவம். அப்படி எழுதும்படி நேர்ந்த கதையின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று இந்தச் சீமையிலேயே நடந்தது. ஆகையால் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருத்தணி அந்த நாளில் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைமை ஊர் சித்தூர். 1807-ஆம் ஆண்டில் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே உள்ள சாலையில் ஒரு கூட்டத்தார் பிடிபட்டார்கள். பார்வைக்கு அவர்கள் சாதாரண யாத்திரிகர்கள். திருவிதாங்கூர்ப் பக்கம் போய்க் கொள்ளையடித்த பொருளுடன் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. சித்தூர் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ரைட் என்பவர் விசாரித்து விவரங்களைத் திரட்டினார். இதற்கு முன்பே, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த சிறிது காலத்துக்குள், பெங்களூரில் இப்படிப்பட்டவர்கள் சுமார் 100 பேர் அகப்பட்டிருந்தார்கள். ஆனால் அப்போது அவர்களுடைய தொழில் இன்னதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. சென்னைக் கோட்டையில் வைத்தியராக இருந்த ஷெர்வுட் என்பவர் 1816-ல் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் இவர்களுக்குக் கொடுத்திருக்கும் பெயர் 'பான்சிகார்' என்பது. வடக்கே 'தக்கர்' என்றார்கள்.

'பான்சி' என்றால் சுருக்குக் கயிறு. 'பாசம்' என்ற வடசொல்லிலிருந்து வந்த வார்த்தை. யமன் கையில் இருப்பதும் பாசம்தான். தாய் பிள்ளையிடம் வைப்பதும் பாசம்தான். நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தக் கூட்டத்தார் இரண்டையும் ஒன்றாகவே உபயோகித்தார்கள்.

அவர்கள் வழி மறித்து மிரட்டுகிற கொள்ளைக்காரர்கள் அல்ல. கத்தியை நீட்டினால் எதிராளியும் கத்தியை நீட்டுவான். எனவே, தனியாகப் போகிறவனிடம் அவர்களில் ஒருவன் மெள்ள வந்து பேச்சுக் கொடுப்பான். எந்த ஊர், எங்கே பயணம், வீட்டில் யார் யார் என்று அன்போடு விசாரிப்பான். "இந்த வழியில் திருட்டுப் பயம் அதிகம், ஒன்றாகப் போனால் துணையாக இருக்கும்" என்பான். அடுத்த சாவடியில் இன்னும் இரண்டு பேர், அதற்கடுத்த தோப்பில் நாலு பேர், தற்செயலாக வருவதுபோல் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒன்றாகச் சமைத்து உண்டு, ஒன்றாகப் பேசிச் சிரித்து நாட்கள் கழியும். ஓர் இடத்தில் இளைப்பாற உட்காரும்போது ஒருவன் கைகளைப் பிடித்துக்கொள்வான். மற்றொருவன் துணியைக் கழுத்தில் போட்டு முறுக்குவான். உடலைப் புதைத்துவிட்டு, புதைத்த இடம் தெரியாமல் இருக்க அதன் மேலேயே அடுப்பு மூட்டுவதும் உண்டு. அந்த நாளில் புறப்பட்டவன் ஊர் திரும்ப மாதக் கணக்காகும். வராவிட்டாலும் காய்ச்சலோ, புலியோ, ஆற்று வெள்ளமோ என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

இவர்களுக்குப் பிரியமான இரை யார் தெரியுமா? லீவில் ஊருக்குப் போகிற சிப்பாய்! இடுப்பில் பல மாதச் சம்பளம்; மனத்தில் வீட்டு நினைவு; தான் ஆயுதம் பழகியவன் என்ற தைரியம். இந்த மூன்றும் அவனைக் காட்டிக்கொடுத்தன. வங்காள ராணுவத்தில் லீவில் போன சிப்பாய்கள் பலர் திரும்பவே இல்லை. 1810 ஏப்ரலில் மேஜர் ஜெனரல் செயின்ட் லெகர் ஓர் எச்சரிக்கை உத்தரவு பிறப்பித்தார். இரவில் பிரயாணம் செய்யாதே. வழியில் வந்து சேரும் அந்நியரோடு கூட்டுச் சேராதே. ரொக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போகாமல், ஊரில் மாற்றிக்கொள்ளும்படி உண்டியலாக வாங்கிக்கொண்டு போ என்பவை அதன் சாரம். என் நண்பரின் விதிகளுக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது என்பதை அவரே அறிய மாட்டார்.

ஆனால் அந்த விதிகளின்படி நடப்பது லேசானதல்ல. துணையில்லாமல் போனால் வழிப்பறி. துணையோடு போனால் துணையே சுருக்கு. ஏழை என்ன செய்வான்? வசதியுள்ளவர்களுக்கு ஒரு வழி இருந்தது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராஸ்வாமி 1830 மே மாதம் காசி யாத்திரை புறப்பட்டார். மறு வருஷம் செப்டம்பரில் திரும்பி வந்தார். உறவினரும் பணியாட்களும் போயிகளுமாகச் சுமார் 100 பேர் அவருடன் போனார்கள். துணையை வீட்டிலிருந்தே அழைத்துப் போனவருக்கு வழியில் துணை தேட வேண்டிய அவசியம் ஏது?

1830-களில் ஸ்லீமன் என்ற அதிகாரி வடக்கே தக்கர்களை வேட்டையாடத் தொடங்கினார். பிடிபட்டவர்களையே அப்ரூவர்களாக்கி மற்றவர்களைப் பிடித்தார். 1836-ல் ஒரு சட்டம் வந்தது. இன்ன தேதியில் இன்னாரைக் கொன்றான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை கொடுக்கலாம். இரகசியமாய்ச் செய்து புதைத்துவிடும் குற்றத்துக்கு வேறு என்ன வழி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் செயலை விட்டுவிட்டு ஆளின் கூட்டத்தைப் பார்க்கும் பழக்கம் அந்தச் சட்டத்தோடு வந்து சேர்ந்தது. இவர்கள் காளிக்குப் பலியிடும் கொலைகாரப் பரம்பரை என்று அந்த நாளில் எழுதியதில் மிகை உண்டு என்று இன்றைய சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். யுத்தங்கள் ஓய்ந்து வேலையிழந்த வீரர்களும், விளைச்சல் இல்லாத மாதங்களில் பிழைப்புத் தேடிய குடியானவர்களும் அந்தக் கூட்டங்களில் கலந்திருந்தார்கள்.

பரம்பரை என்ற வார்த்தை மட்டும் சர்க்கார் காகிதங்களில் நிலைத்துவிட்டது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே பிறந்தது. 1911-ல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நண்பர் சொன்ன கூடை முடைகிற கூட்டத்தார், தமிழில் குறவர், தெலுங்கில் எருகுலர், அந்தப் பட்டியலில் ஏறினார்கள்.

அவர்கள் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்களில் ஒரு பிரிவாருக்கு உப்புக் குறவர் என்றே பெயர். கடற்கரை உப்பளங்களில் உப்பு வாங்கி, மாடுகள் மீதும் கழுதைகள் மீதும் ஏற்றி, வண்டிப் பாதை இல்லாத ஊர்களுக்கெல்லாம் கொண்டு போனார்கள். பதிலுக்குத் தானியம் வாங்கி வந்தார்கள். 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடிற்று. 1860-களில் அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாக வடக்கேயும் தண்டவாளம் போட்டார்கள். பிரயாணிக்குச் சாவடியும் வேண்டாம், வழித்துணையும் வேண்டாம் என்றாயிற்று. உப்பும் ரயிலில் ஏறிவிட்டது. மாட்டின் முதுகில் வந்த உப்பை வாங்க ஆள் குறைந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். 1882-ல் வந்த காட்டுச் சட்டத்தால் மூங்கில் வெட்டக்கூட அதிகாரியின் தயவு வேண்டியதாயிற்று. நமக்கு வழியைப் பத்திரமாக்கிய அதே ரயில் அவர்கள் வழியை அடைத்துவிட்டது. ஊர் ஊராகத் திரிந்து வியாபாரம் செய்தவனை, வியாபாரம் போன பிறகு, காரணமின்றித் திரிகிறவன் என்று எழுதிக்கொண்டார்கள். திருடியவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். எந்த ஜாதியில் இல்லை?

பட்டியலில் ஏறியவர்களின் கைரேகை சர்க்காரிடம் இருக்கும். அனுமதிச் சீட்டு இல்லாமல் அடுத்த ஊர் போகக் கூடாது. இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். 1910-களில் குண்டூர் ஜில்லாவில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பை அமைத்து எருகுலக் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் திருட்டுப் பட்டம் காத்திருந்தது. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-ல் ரத்தாயிற்று. தேசம் முழுவதும் 1952-ல்தான் ஒழிந்தது.

இத்தனையையும் நான் நண்பருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தணிகை மலை தெரிந்தது. வள்ளியை மணந்த பிறகு முருகன் வந்து அமர்ந்த மலை என்பார்கள். வள்ளி யார்? வள்ளிமலையில் வேடர் தலைவன் வளர்த்த குறமகள். அவளைத் தேடி முருகனே வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டு வந்தான் என்பது புராணம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் இந்த மலைக்கு வந்தபோதும் முன்பின் அறியாத ஒரு கிழவர் வந்து, "வாயைத் திற" என்று சொல்லிக் கற்கண்டைப் போட்டு மறைந்தாராம். அந்த இனிப்போடு பிறந்ததுதான் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற அவருடைய முதற் கீர்த்தனை என்பார்கள். தக்கர்களும் பூஜை செய்த வெல்லத்தை உண்பார்கள். அதைத் தின்றவன் அப்புறம் அந்தத் தொழிலை விட மாட்டான் என்று ஸ்லீமனிடம் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே காலம், இரண்டும் இனிப்பு, கொடுத்தவர்கள் இருவரும் வழிப்போக்கர்கள். எவர் கையில் இருப்பது எது என்று ஜாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

நண்பர் பதில் சொல்லவில்லை. துப்பாக்கிப் பெட்டிக்குக் காவலாக அவர் காரிலேயே இருந்துகொண்டார். நான் மட்டும் 365 படிகளையும் ஏறிப் போனேன்.

தரிசன வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு கனவான் நின்றார். சரிகை வேஷ்டி, நெற்றி நிறைய விபூதி, தேன் போன்ற பேச்சு. எந்த ஊர், எப்படி வந்தீர்கள், கூட யார், எந்த வழியாகத் திரும்புகிறீர்கள் என்று விசாரித்தார். காரைப் பற்றியும், கீழே காத்திருக்கும் நண்பரைப் பற்றியும், அவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். பாவம், அவர் உத்தமராகவே இருக்கலாம்.

தரிசனம் முடித்துப் படியிறங்கும்போது ஒரு கூடைக்காரி எதிரே வந்தாள். கூடை வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டு மேலே போனாள். அவள் போன பிறகுதான் கவனித்தேன்: என் வலது கை சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.