பங்குச் சந்தைக்கு ஒரு வெப்பமானி

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. பங்கின் விலைக்குக் காய்ச்சல் கண்டால் அதை அளக்க முடியுமா? முடியும் என்று நம்பியவர் அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர். அவர் இயந்திரப் பொறியியல் பயின்றவர். 1978-இல் வெளியிட்ட நூலில் ‘சார்பு வலிமைக் குறியெண்’ என்னும் அளவை அவர் விளக்கினார்.

கணக்கு எளியதே. ஒரு பங்கின் 14 நாள் விலை மாற்றங்களை எடுத்துக்கொள்வோம். ஏற்றங்களையெல்லாம் கூட்டி 14-ஆல் வகுத்தால் சராசரி ஏற்றம் கிடைக்கும். இறக்கங்களையும் இவ்வாறே செய்ய வேண்டும். சராசரி ஏற்றத்தை, இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அதுவே குறியெண். ஏற்றம் 3 ரூபாய், இறக்கம் 1 ரூபாய் எனில் குறியெண் 75. இது 70-ஐத் தாண்டினால் பங்கு அளவுக்கு மீறி வாங்கப்பட்டது என்றும், 30-க்குக் கீழே வந்தால் அளவுக்கு மீறி விற்கப்பட்டது என்றும் கொள்வர்.

மறுநாளுக்கு மீண்டும் 14 எண்களைக் கூட்ட வேண்டியதில்லை. பழைய சராசரியை 13-ஆல் பெருக்கி, அன்றைய ஏற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுத்தால் போதும். இதனால் ஒவ்வொரு நாளின் செல்வாக்கும், கதிரியக்கப் பொருள் தேய்வது போல, ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகிறது.

ஆனால் இந்த வெப்பமானி உண்மையில் எதை அளக்கிறது? 1900-ஆம் ஆண்டிலேயே பாரிஸில் லூயி பாஷெலியே என்பவர் தம் ஆய்வேட்டில், விலை மாற்றங்களைத் தற்செயல் நிகழ்ச்சிகளாகக் கொண்டு கணக்கிட்டார். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் தடுமாற்றத்துக்கு ஐன்ஸ்டைன் 1905-இல் கண்டதும் இதே வகைக் கணிதந்தான்.

நாமே சோதித்துப் பார்க்கலாம். நாணயத்தை 14 முறை சுண்டுவோம். தலை விழுந்தால் விலை ஒரு ரூபாய் ஏற்றம். பூ விழுந்தால் ஒரு ரூபாய் இறக்கம். 10 தலை விழுந்தாலே குறியெண் 71-ஐத் தாண்டிவிடும். நிகழக்கூடிய 16,384 வரிசைகளில் 1,471 வரிசைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் வரும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 9. குறியெண் 30-க்குக் கீழே போவதும் இதே அளவுதான். நாணயத்துக்கு ஏது காய்ச்சல்? பதினைந்தாவது முறை தலை விழும் வாய்ப்பு அப்போதும் சரிபாதியே!

சந்தை வெறும் நாணயமன்று என்பது மெய்தான். எனினும் நீர் 100 பாகையில் கொதிப்பது இயற்கையின் விதி. 70 என்பதோ மனிதர் வரைந்த கோடு. விலை தொடர்ந்து ஏறும் காலத்தில் குறியெண் பல வாரங்கள் அக்கோட்டுக்கு மேலேயே நிற்பதுண்டு. கோட்டை மட்டும் நம்பி, சேமிப்பைச் சந்தையில் போடுவோர் இதை மறக்கலாகாது. குறியெண் சொல்வது நடந்து முடிந்ததை, நடக்கப்போவதை அன்று.