தரங்கம்பாடி: வீடு கொடுத்து கரையைக் கேட்ட கதை

தரங்கம்பாடி என்றால் எல்லோருக்கும் டேனிஷ் கோட்டைதான் ஞாபகம் வரும். 1620ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். அவர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். 1706ல் சீகன்பால்க் வந்து இறங்கியதும், பிறகு தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான். 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

இப்படி ஊர் கை மாறியபோதெல்லாம் அதே கடற்கரையில் மீனவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ராஜாவும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. 2005ல் வந்த ஓர் ஒப்பந்தத்தில்தான் அவர்களிடமே கையெழுத்து கேட்டார்கள்.

2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. தரங்கம்பாடி அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது (இப்போது மயிலாடுதுறை மாவட்டம்). அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005 மார்ச்சில் தமிழக அரசு அரசாணை எண் 172ஐ வெளியிட்டது. சுமார் 1.5 லட்சம் ரூபாய் மதிப்பில், தொண்டு நிறுவனங்களின் உதவியோடு, புது வீடு கட்டித் தருவது திட்டம். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் வீடு உண்டு, ஆனால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். போக மறுத்தால் அங்கேயே இருக்கலாம், சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது.

இதைப் பற்றி கரையோர ஊர்களில் ஒரே கருத்து இருக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பலர் இனி அலைச் சத்தமே காதில் விழ வேண்டாம் என்றார்கள். ஓலைக் குடிசையில் இருந்தவர்களுக்கு கான்கிரீட் வீடும் பட்டாவும் பெரிய விஷயம். தொழில் செய்பவர்களின் கவலை வேறு. காற்றையும் நீரோட்டத்தையும் கரையில் நின்று பார்த்துத்தான் கடலுக்குப் போக முடியும். படகு, எஞ்சின், வலை எல்லாம் கண்பார்வையில் இருக்க வேண்டும். மீன் ஏலம் எடுக்கும், கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் கரைதான் பிழைப்பு. உள்ளே போனால் டெல்டாவின் தாழ்வான நஞ்சை நிலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்.

எல்லாவற்றையும் விட ஒரு சந்தேகம் பெரிதாக இருந்தது. நாங்கள் விட்டுப்போகும் இடம் யாருக்குப் போகும்? இந்தச் சந்தேகம் வீண் என்று சொல்ல முடியாது. அதே தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நின்ற பழைய கலெக்டர் பங்களா சுற்றுலா விடுதியாக மாற்றப்பட்டிருந்தது. பயணிக்கு அழகான கரை, மீனவனுக்கு மட்டும் ஆபத்தான கரையா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வீடு கட்டிய விதமும் முக்கியம். தமிழகக் கடற்கரையில் ஆய்வு செய்த ஜெனிபர் டுயின் பேரன்ஸ்டைன், பல ஊர்களில் வரிசை வீடுகளுக்காக நிழல் மரங்களை வெட்டியதையும், நன்றாக இருந்த பழைய வீடுகளைக்கூட இடித்ததையும் பதிவு செய்திருக்கிறார். மரம் போனதும் வெளியே உட்கார்ந்து பேசும் இடமும், வலை பின்னும் இடமும் போய்விட்டன. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிய வீடுகளுக்கு, கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் குடும்பங்களிடம் பேசி வடிவம் அமைத்தார். கேட்டுக் கட்டுவதும் சாத்தியம்தான் என்பதற்கு அது சாட்சி.

என் கருத்து இதுதான். பாதுகாப்பான வீடு கொடுத்தது சரி. அதற்கு விலையாகக் கரையைக் கேட்டது தவறு. வீடும் கொடுத்து, படகு நிறுத்தவும் மீன் காயவைக்கவும் பழைய இடத்தை ஊரின் பொதுச் சொத்தாக அவர்கள் பெயரிலேயே விட்டிருந்தால், விரும்பிப் போனவர்கள் இன்னும் அதிகமாக இருந்திருப்பார்கள். கோட்டைச் சுவரைப் பழுது பார்த்துப் பாதுகாப்பது வரலாற்றைக் காப்பாற்றுவது என்றால், அதன் பக்கத்தில் காயும் வலையைக் காப்பாற்றுவதும் வரலாற்றைக் காப்பாற்றுவதுதான்.