மீனில் மருந்துக்கு மசியாத கிருமிகள்: தெரிந்துகொள்ள வேண்டியவை

கெளுத்தி, திலாப்பியா, சியாக்காப் என நாம் வாங்கும் மீன்களில் பல இன்று குளத்திலும் கூண்டிலும் வளர்க்கப்படுபவை. நெருக்கமாக வளரும் மீன்களுக்கு நோய் எளிதில் பரவும். அதைத் தடுக்கச் சிலர் தீனியிலும் தண்ணீரிலும் ஆண்டிபயாடிக் மருந்து கலக்கின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி உருவாகின்றன?

மருந்து பட்டதும் வலுவற்ற கிருமிகள் சாகின்றன, தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுவை ஒரு கிருமி வேறு வகைக் கிருமிக்கும் கொடுக்கக்கூடும். கோழிக்கழிவு தீனியாகப் போடப்படும் குளங்களில், கோழிக்குக் கொடுத்த மருந்தும் அதில் வளர்ந்த கிருமியும் சேர்ந்தே வந்துவிடலாம்.

2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாகி, உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

சிங்கப்பூர் தந்த பாடம்

2015இல் சிங்கப்பூரில் பச்சை மீன் உண்ட சுமார் 150 பேரை ‘குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ கிருமி தாக்கியது. நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்களுக்கும் மூளையுறை அழற்சியும் மூட்டுத் தொற்றும் ஏற்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில், உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. அந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்கியது. அடங்காமல் இருந்திருந்தால் சிகிச்சை பெரும் சிரமமாகியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் உணவுக்கான மீன், கால்நடைகளுக்குக் குளோரம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் மருந்துகள் கொடுக்கக் கூடாது. உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பது 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான ஆண்டிபயாடிக்குகளையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

சமையலறையில்

மீனை ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாகக் கொதித்த குழம்பிலும் உள்வரை வெந்த பொரியலிலும் இந்தக் கிருமிகள் சாகின்றன. உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆபத்து பெரும்பாலும் வேகுமுன்தான்:

• பச்சை மீன் வெட்டிய பலகையிலும் கத்தியிலும், கழுவாமல் வெங்காயமோ வெள்ளரியோ நறுக்கக் கூடாது.
• சந்தையில் மீனைக் கடைசியாக வாங்கி, வீடு வந்ததும் குளிர்ப்பெட்டியில் வைக்கவும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.
• கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை அணியவும். கெளுத்தி முள் குத்தினால் உடனே சோப்பு போட்டுக் கழுவவும். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் கிளினிக்குக்குச் செல்லவும். நீரிழிவு உள்ளவர்கள் வீக்கம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டுக் குளம் வைத்திருப்போர்

தோட்டத்திலும் கம்போங்கிலும் கொல்லையில் கெளுத்தி வளர்ப்போர், மீன் வாடினால் வீட்டில் மிச்சமிருக்கும் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டக் கூடாது. தண்ணீரை மாற்றி, நெரிசலைக் குறைத்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேட்பதே முறை. குளத்தில் கொட்டும் மருந்து அங்கேயே நிற்பதில்லை. கால்வாய் வழியே ஆற்றுக்கும் போகிறது.