‘தொழில்நுட்பம்’ என்ற ஒரு வரி: அமெரிக்க வணிகப் பள்ளிகளின் வகுப்பு விவரமும் சேர்க்கை வாய்ப்புக் கணிப்பும்

அமெரிக்காவின் முன்னணி வணிகப் பள்ளிகளில் தொழில்நுட்பத் துறையினருக்கு, குறிப்பாக இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் மென்பொருள் பொறியாளர்களுக்கு, இடம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? இக்கேள்வி குறித்து இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஒரே சான்றைச் சார்ந்து நிற்கிறது: பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும் வகுப்பு விவரம். அதில் ‘முந்தைய தொழில்துறை’ என்ற தலைப்பின்கீழ் வரும் ‘தொழில்நுட்பம்’ என்ற வரியை எடுத்துக்கொண்டு, ஆலோசனை, நிதி ஆகிய வரிகளோடு அதை ஒப்பிட்டு, தொழில்நுட்பத்தாரின் விண்ணப்பங்கள் குறைத்தே மதிப்பிடப்படுகின்றன என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. இதை இங்கே ‘கழிவுக் கொள்கை’ என்று அழைக்கிறேன். அந்த முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரியிலிருந்து அதைப் பெற வழியில்லை. அந்த வரி எண்ணுவது விண்ணப்பதாரரின் வேலையை அன்று. அவருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்தை.

இது அற்ப வேறுபாடாகத் தோன்றலாம். தோன்றுமளவுக்கு அற்பமன்று. பெங்களூரில் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்துக்காக இடர்க்கணிப்பு மென்பொருள் எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் அவர் செய்வது நிரல் எழுதுவது. அவருடைய மேலாளரும் பொறியாளர். ஆயினும் தொழில்துறைப் பட்டியலில் அவருக்குரிய இடம் நிதிச்சேவை. வால்மார்ட்டின் தொழில்நுட்பப் பிரிவில், சென்னையிலோ பெங்களூரிலோ, தரவுக் கட்டமைப்பைக் கவனிப்பவர் சில்லறை வணிகத்தில் போய் விழுவார். மறுபுறம், கூகுளில் விளம்பர விற்பனையைப் பார்ப்பவர், அமேசானில் கிடங்குச் செயல்பாடுகளை நடத்துபவர், மைக்ரோசாஃப்டில் நிதிப் பகுப்பாய்வு செய்பவர் ஆகிய மூவரும் வாழ்நாளில் ஒரு வரி நிரல் எழுதாதவர்களாக இருந்தாலும் ‘தொழில்நுட்பம்’ என்ற வரியில்தான் அமர்வார்கள். இவர்களுள் யாருடைய வாய்ப்பை அந்த வரி அளக்கிறது?

கழிவுக் கொள்கையினர் இதற்கு ஆயத்தமாக வைத்திருக்கும் விடை, இத்தகைய குறுக்கீடுகள் இருபுறமும் நிகழ்வதால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது. ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. தொழில்நுட்ப நிறுவனங்களிலிருந்து வணிகப் பள்ளிக்குப் போக விரும்புவோருள் பொறியாளரல்லாதோர் மிகுதியாக இருப்பது இயல்பு. பொறியாளருக்கு அதே நிறுவனத்திலேயே நல்ல ஏணி இருக்கிறது, மற்றவர்களுக்கு அவ்வளவு தெளிவான ஏணி இல்லை. இது என் ஊகம்தான். ஆனால் ஈடுசெய்யும் என்பதும் ஊகமே. இரண்டில் என்னுடையதற்கு ஒரு காரணமாவது உண்டு.

எடுத்துக்காட்டுகளாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படும் இரு பெயர்களே இச்சிக்கலைக் காட்டிக்கொடுக்கின்றன. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபின் வார்ட்டனில் 2002இல் எம்பிஏ முடித்தார். சில்லுகள் செய்யும் எந்திரங்களை உருவாக்கும் அந்த நிறுவனம் ‘தொழில்நுட்பமா’, ‘உற்பத்தியா’? எண்ணுபவரின் கையில் இருக்கிறது. சத்ய நாதெல்லா 1997இல் சிகாகோ பூத் பள்ளியில் பெற்ற பட்டம் வார இறுதி வகுப்பில் படித்தது. மைக்ரோசாஃப்ட் வேலையை விடாமலே அதை முடித்தார். முழுநேர வகுப்பின் விவரத்தில் அவருக்கு இடமே கிடையாது. பயிற்சி நிலையங்களின் சுவர்களில் இவ்விருவர் படங்களும் அருகருகே தொங்குகின்றன. ‘தொழில்நுட்பம்’ என்ற வரிக்குச் சான்றாக ஒருவரைக்கூட ஐயமின்றி நிறுத்த முடியவில்லை.

வரிக்குள் யார் என்ற சிக்கலைத் தீர்த்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. வகுப்பு விவரம் தருவது விளிம்புக் கூட்டுத்தொகைகள் மட்டுமே. தொழில்துறைக்கு ஒரு பத்தி, இளநிலைப் பாடத்துக்கு ஒரு பத்தி, குடியுரிமைக்கு ஒரு பத்தி, பாலினத்துக்கு ஒரு பத்தி. பொறியியல் படித்தவர்கள் இத்தனை, பன்னாட்டு மாணவர் இத்தனை, தொழில்நுட்ப நிறுவனத்தார் இத்தனை என்று தனித்தனியே சொல்லுமே தவிர, இம்மூன்றும் ஒருங்கே உள்ளவர் எத்தனை பேர் என்று சொல்லாது. விளிம்பு எண்களிலிருந்து உட்கட்டத்தை ஊகிக்க முடியாதென்பது புள்ளியியலின் தொடக்கப் பாடம். ஆயினும் ‘இந்திய ஆண் பொறியாளர்’ என்ற உட்கட்டத்தைப் பற்றிய உறுதியான கூற்றுகள் எல்லாம் இந்த விளிம்புகளிலிருந்தே பெருக்கிப் பெறப்பட்டவை. அந்தப் பெருக்கலுக்கு, நான்கு பண்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் தேவை. இந்தியாவில் பொறியியல் படிப்பும் மென்பொருள் வேலையும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லத் துணிபவர் எவரையும் நான் அறியேன். இதோடு, சில பள்ளிகள் அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் பன்னாட்டு மாணவர் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. சியாட்டிலில் எட்டாண்டு வாழ்ந்தவரும் சோழிங்கநல்லூரிலிருந்து நேரே விண்ணப்பிப்பவரும் அங்கே ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இனி, பகுதி எண்ணைப் பற்றி. வாய்ப்பு என்பது ஒரு விகிதம். வகுப்பு விவரம் மேலிருக்கும் எண்ணை மட்டும் தருகிறது. கற்பனையாக ஒரு பள்ளி: 900 இடங்கள், 9,000 விண்ணப்பங்கள். வகுப்பில் 135 பேர், அதாவது 15 விழுக்காட்டினர், தொழில்நுட்ப நிறுவனத்தார். விண்ணப்பித்தோருள் அத்துறையினர் 1,350 பேர் என்றால் அவர்களது வாய்ப்பு 10 விழுக்காடு, எல்லாரையும் போலத்தான். 2,700 பேர் என்றால் 5 விழுக்காடு. கழிவுக் கொள்கை வென்றது. 900 பேர் என்றால் 15 விழுக்காடு. சலுகைக் கொள்கை என்று வேறொன்றை நாம் எழுதத் தொடங்கலாம். வகுப்பு விவரத்தில் 15 என்ற எண் மூன்று நிலையிலும் மாறாமல் நிற்கிறது. சேர்ந்தோருள் தொழில்நுட்பத்தார் எத்தனை என்பதும், தொழில்நுட்பத்தாருள் சேர்ந்தோர் எத்தனை என்பதும் வெவ்வேறு நிபந்தனை நிகழ்தகவுகள். ஒன்றை மற்றொன்றாக வாசிப்பது பழைய பிழை. இந்தத் துறையில் அது ஏறத்தாழ முறையியலாகவே ஆகிவிட்டது. ஜிமேட் போன்ற நுழைவுத் தேர்வுகளை எழுதியோர் பற்றிய எண்களைக் கொண்டு இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் உண்டு. ஒரே தேர்வர் ஐந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கும் விண்ணப்பிக்காமலும் இருக்கலாம் என்பதால் அவற்றை இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

மொத்த விண்ணப்ப எண்ணிக்கையாவது நிலையாக நிற்கிறதா? ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 2023இல் சேர்ந்த வகுப்புக்காக வந்த விண்ணப்பங்கள் 8,264, சேர்ந்தோர் 938. அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் 9,856, சேர்ந்தோர் 930. ஸ்டான்ஃபோர்டில் அதே இரு ஆண்டுகளில் விண்ணப்பங்கள் 6,190இலிருந்து 7,295ஆக உயர்ந்தன. வகுப்பு 431இலிருந்து 424ஆகக் குறைந்தது. ஓராண்டுக்குள் ஹார்வர்டில் ஏறத்தாழ 19 விழுக்காடு, ஸ்டான்ஃபோர்டில் 18 விழுக்காடு உயர்வு. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆட்குறைப்பு அலைக்குப் பிந்தைய சேர்க்கைப் பருவம் அது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். ஆனால் கூடுதலாக வந்த விண்ணப்பங்கள் எல்லாத் துறைகளிலிருந்தும் சம விகிதத்தில் வந்திருக்கும் என்று நம்புவது கடினம். இந்த எண்களைக்கூட எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்: 938, 930 என்பன சேர்ந்தோர் எண்ணிக்கை, இடம் வழங்கப்பட்டோர் எண்ணிக்கை அன்று. ஹார்வர்டில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இராது. தரவரிசையில் கீழிறங்க இறங்க அது அகலும். ஏனெனில் இடம் கிடைத்தவர் மேலே உள்ள பள்ளிக்குப் போய்விடுகிறார்.

ஜிமேட் மதிப்பெண்ணைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹார்வர்டு அறிவித்த 740 என்பது இடைநிலை அளவு. வகுப்பில் ஜிமேட் அளித்தவர்களில் பாதிப் பேர் அதிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள். ஜிஆர்இ அளித்த கணிசமானோர் அந்தக் கணக்கிலேயே இல்லை. ‘பொறியாளருக்கு 760 வேண்டும்’ என்ற வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டும் ஆலோசகர்களிடம்தான் போய் முடிகிறது. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் அளவுகோல் 205 முதல் 805 வரை. பழைய 700க்கு ஈடாக அதில் ஏறத்தாழ 645 வைக்கப்படுகிறது. அளவுகோலே மாறியபின்னும் பழைய வாய்ப்பாடு அப்படியே வழங்குவது அதன் அடித்தளம் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

பிறகு எதை வாசிப்பது? வகுப்பு விவரத்தைவிட நம்பத்தக்க சான்று ஒன்று பொதுவெளியில் இருந்தும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது: பல பள்ளிகள் ஏற்றுக்கொள்ளும் பொதுப் பரிந்துரைப் படிவம். அதில் பரிந்துரைப்பவரிடம் கேட்கப்படும் முதன்மையான கேள்வி, இதே போன்ற பணியில் இருக்கும் தகுதி வாய்ந்த பிறரோடு ஒப்பிடும்போது இவர் செயல்பாடு எப்படி என்பது. மற்றொன்று, இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, அதை இவர் எப்படி ஏற்றார் என்பது. முதற்கேள்வியின் ஒப்பீட்டு அலகைக் கவனிக்க வேண்டும். தொழில்துறை அங்கே இல்லை; பணி இருக்கிறது. பள்ளி தனக்காகக் கேட்டுப் பெறும் தகவலும் உலகுக்கு வெளியிடும் தகவலும் வெவ்வேறு அலகுகளில் இருக்கின்றன என்றால், முடிவு எந்த அலகில் எடுக்கப்படுகிறது என்பதை ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

இவ்வாசிப்பு சரியென்றால், மென்பொருள் பொறியாளரின் கோப்பு ஆலோசனை நிறுவனத்தாரின் கோப்போடு மோதுவதில்லை. இன்னொரு மென்பொருள் பொறியாளரின் கோப்போடு மோதுகிறது. இந்திய மென்பொருள் சேவை நிறுவனங்களில் பணிபுரிவோரின் உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் தென்படுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒரே பதவிப்பெயரில், ஒரே ஆண்டுச் சுழற்சியில் பதவி உயர்வு பெறுகிறார்கள். வாடிக்கையாளர் வேறு கண்டத்தில் இருக்கிறார். முடிவெடுத்தவர் யார், நிறைவேற்றியவர் யார் என்பது மின்னஞ்சல் தொடருக்குள் புதைந்துவிடுகிறது. பரிந்துரைக்கும் மேலாளரோ இருபது பேருக்கு ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்துப் பழகியவர். “கடின உழைப்பாளி, குழுவோடு இணக்கமாகப் பணியாற்றுபவர்” என்று எழுதுவார். திருத்தம் பற்றிய கேள்விக்கு, ஆளைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்று அஞ்சி, “அளவுக்கு மீறி உழைக்கிறார்” என்பதையே குறையாகவும் எழுதிவிடுவார். அந்த நல்ல மனதுக்குத் தேர்வுக்குழுவில் பயனில்லை. கோப்பில் ஒப்பிட ஒன்றுமில்லாதபோது தேர்வுக்குழு என்ன செய்ய முடியும்?

ஹார்வர்டு 2024இல் தன் தேர்வு அளவுகோல்களைத் திருத்தி, வணிக நோக்கு, தலைமைப் பண்பு, வளர்ச்சி நாட்டம் என்ற மூன்றாக அறிவித்தது. முன்பிருந்த மூன்றில் பகுப்பாய்வுத் திறன் தனியாகப் பெயர் சொல்லப்பட்டிருந்தது. இம்மாற்றத்துக்கு அளவுக்கு மீறிப் பொருள் கொள்ளத் தயங்குகிறேன். அறிவிப்பு வாசகம் வேறு, அறைக்குள் நடப்பது வேறு. ஆயினும் பொறியாளர் தம் கோப்பின் வலிமையாக நம்பியிருந்த ஒன்று தலைப்பிலிருந்து இறங்கியிருக்கிறது. 760ஐத் துரத்துவதில் இன்னும் ஆறு மாதம் செலவழிக்க நினைப்பவர் இதையாவது கவனிக்கலாம்.

எதிர்வாதங்கள் சில. சேர்க்கை ஆலோசகர்கள் தங்கள் வாடிக்கையாளரின் வெற்றி விகிதத்தை வெளியிடுகிறார்களே, அதில் தொழில்நுட்பத்தார் பின்தங்குகிறார்களே என்பர். பணம் கட்டி வந்தோரையும் ஆலோசகர் ஏற்றுக்கொண்டோரையும் மட்டும் கொண்ட கூறு அது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை. பள்ளிகள் தரும் எண்களே பொய்யாக இருந்தால் என்ற ஐயம் இதைவிட மதிக்கத்தக்கது: டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் பள்ளியில், தரவரிசைக்காகப் பொய்த் தரவு அளித்த வழக்கில் முன்னாள் தலைவர் 2021இல் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். ஆனால் என் வாதத்துக்கு அந்த ஐயம் தேவையில்லை. எண்கள் முற்றிலும் உண்மையாக இருந்தாலும் அவை நாம் கேட்கும் கேள்விக்கு விடையாகமாட்டா.

வகுப்பு விவரத்தால் பயனே இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வகையான ஆள் அந்த வகுப்பில் இருக்கவே செய்கிறார் என்பதை, அதாவது வாய்ப்பு சுழியம் அல்ல என்பதை, அது ஐயமின்றி நிறுவும். பணி அனுபவத்தின் சராசரி ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன் மூன்றிலும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்காண்டு நிற்பதால், பதினோராண்டு அனுபவம் கொண்ட கட்டமைப்பாளர் முழுநேர வகுப்புக்கு விண்ணப்பிப்பது கடினமான பாதை என்பதையும் அதைக் கொண்டே சொல்லலாம். இதற்கு அப்பால் ‘உங்கள் வாய்ப்பு 12 விழுக்காடு’ என்று சொல்பவர் எந்தப் பகுதி எண்ணால் வகுத்தார் என்று கேட்பது நியாயம்.

அந்தப் பகுதி எண் பள்ளிகளிடம் இருக்கிறது. விண்ணப்பப் படிவமே நிறுவனம், பதவி, பணியின் தன்மை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்கிறது. பணிவகையும் குடியுரிமையும் குறுக்கே வரும் ஓர் இருவழி அட்டவணையை, விண்ணப்பித்தோர், இடம் வழங்கப்பட்டோர், சேர்ந்தோர் என மூன்று நிலைக்கும் தயாரிப்பது ஒரு பிற்பகல் வேலை. தனிநபர் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்ற மறுப்பு நிற்காது. சிறிய எண் உள்ள கட்டங்களை மறைத்துவிட்டு மீதியை வெளியிடும் முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகங்களில் நெடுங்காலமாகப் புழங்குகிறது.