செப்புக் குழாயும் அதன் இணைப்புகளும்: ஒழுகிய ஒரு வால்விலிருந்து கொஞ்சம் வரலாறு

போன குளிர்காலத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் வீடு. மாடியில் வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் செப்புக் குழாயில் இருந்த கேட் வால்வு இறுகிப் போய்த் திருகவே வரவில்லை. ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் ஒரு வால்வு மாற்ற ஆள் கூப்பிடுவதா என்று நானே இறங்கினேன். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். கடையில் 22 மி.மீ. வால்வு வாங்கி வந்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, ஸ்பானர் போட்டு இறுக்கினேன். சொட்டுக்கூட இல்லை. பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை மகள் கீழேயிருந்து கூப்பிட்டாள்: "அப்பா, ஹால் சீலிங்ல ஈரமா இருக்குப்பா. நீங்க மாட்டின இடத்துக்கு நேர் கீழதான்."

வந்த பிளம்பர் என் வயதுக்காரர். குழாயை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இது இருபத்திரண்டு இல்லை, முக்கால்" என்றார். முக்கால் அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டர் அல்லவா? நான் அளந்தது 22. இரண்டுமே பொய்யில்லை, இரண்டுமே சரியுமில்லை. இது எப்படி என்று தேடப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக ஒழுகுவது குழாய் அல்ல, இணைப்புதான். குழாய் செய்வது மனிதனுக்கு எப்போதோ கைவந்துவிட்டது. எகிப்தில் அபூசிர் என்ற இடத்தில் சாஹுரே மன்னனின் பிரமிடு வளாகத்தை 1907-08 இல் லுட்விக் போர்ஷார்ட் என்ற ஜெர்மானியர் தோண்டியபோது, செப்புத் தகட்டைத் தட்டிச் சுருட்டிச் செய்த வடிகால் குழாய்கள் கிடைத்தன. கிட்டத்தட்ட 4500 வருடம் பழையவை. ஆனால் அவை கல்லில் வெட்டிய பள்ளத்தில் கிடந்தவை; உள்ளே அழுத்தத்தோடு தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. அழுத்தம் வந்த பிறகுதான் இணைப்பு என்பது பெரிய விஷயமாகிறது.

ரோமானியர்கள் காரீயத்துக்குப் போனார்கள். சுலபமாக உருகும், கையால் வளையும், தகட்டைச் சுருட்டினால் குழாய். காரீயத்துக்கு லத்தீனில் பிளம்பம் என்று பெயர். பிளம்பர் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். ஈயக் குழாய்த் தண்ணீரைவிட மண் குழாய்த் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று விட்ரூவியஸ் அப்போதே எழுதி வைத்தார். கி.பி. 97 இல் ரோம் நகரத்தின் தண்ணீர் அதிகாரியான ஃப்ரான்டினஸ், குழாய் அளவுகளில் தில்லுமுல்லு செய்து தண்ணீர் திருடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார். அளவுக் குழப்பம் அவ்வளவு பழசு.

அதற்குப் பிறகும் ஐரோப்பாவில் வீட்டுக் குழாய் என்றால் பெரும்பாலும் ஈயம்தான். இரண்டு ஈயக் குழாய்களை இணைப்பது தனிக் கலை. ஒன்றின் வாயை அகட்டி மற்றதை நுழைத்து, உருகிய ஈயம்-வெள்ளீயக் கலவையை மேலே ஊற்றி, அது களி பதத்தில் இருக்கும்போதே கொழுப்புத் தடவிய தடித்த துணியால் துடைத்துத் துடைத்து ஒரு சின்னக் கத்தரிக்காய் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பதம் சில நொடிகள்தான் நிற்கும். இது கைவர வருடக்கணக்காக ஒருவரிடம் பழக வேண்டும். இணைப்பு முழுக்க ஆளின் கையில் இருந்த காலம் அது.

அடுத்து இரும்புக் குழாயும் மரையும் வந்தன. 1841 இல் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று முறை வகுத்தார். 55 பாகைக் கோணமுள்ள அந்த மரையின் வழிவந்ததுதான் இன்று நம் ஊர் ஜி.ஐ. குழாயில் இருப்பதும். நம்மூர் அரை அங்குலக் குழாய் மரையும் லீட்ஸ் வீட்டுக் குழாய் மரையும் ஒரே குடும்பம். ஆனால் அரை அங்குல மரையை அளந்து பாருங்கள்: வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் வரும். அரை அங்குலம் என்பது அந்தக் காலக் குழாயின் உள்துவாரத்தின் பெயர். பெயர் நிலைத்துவிட்டது, அளவு எங்கோ போய்விட்டது.

மரை வெட்ட வேண்டுமென்றால் குழாய்ச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். பாதிச் சுவரை மரையே தின்றுவிடும். செம்பு துருப்பிடிக்காது, வளையும், உறுதியானது. ஆனால் விலை அதிகம். மரை வெட்டும் அளவுக்குத் தடிமனான செப்புக் குழாயைச் சாதாரண வீட்டுக்குப் போட்டால் கட்டுபடியாகாது. மரை இல்லாமல் இணைக்க வழி கிடைத்தால் குழாயை மெலிதாக்கலாம். செப்புக் குழாயை நடுத்தர வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்தச் சின்ன இணைப்புத் துண்டுகள்தான் என்பது என் முடிவு.

அவற்றில் இரண்டு வகை முக்கியம்.

முதலாவது இறுக்கி இணைப்பது. குழாய் முனையில் ஒரு நட்டு, அதற்குப் பின் ஒரு மெல்லிய செம்பு அல்லது பித்தளை வளையம், பிறகு பித்தளை உடல். வளையத்தை ஆலிவ் என்பார்கள். நட்டைத் திருகும்போது வளையம் இரு பக்கச் சரிவுகளுக்கு நடுவே நசுங்கிக் குழாயை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான், மரை இல்லை. மரையில் டேப் சுற்றி ஒழுகலை நிறுத்தப் பார்ப்பது வீண். கையால் இறுகும்வரை திருகி, அதன் பின் ஸ்பானரால் ஏறக்குறைய ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் மெலிந்த குழாயே நெளிந்துவிடும். நீராவி எஞ்சின்களில் மசகு எண்ணெய் போகும் செப்புக் குழாய்களில் நிப்பிளும் யூனியன் நட்டும் போட்டுப் பழகியவன் நான். அந்தத் தெம்பில்தான் இதில் கை வைத்தேன்.

இரண்டாவது பற்றவைப்பது. குழாய் ஒரு சாக்கெட்டுக்குள் நுழையும்; இடையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இடைவெளி. துலக்கி, ஃபிளக்ஸ் தடவி, சூடாக்கி, வாயில் சால்டர் கம்பியை வைத்தால் உருகிய உலோகம் தானாக உள்ளே இழுபடும். குழாய் செங்குத்தாக இருந்தாலும் மேல்நோக்கி ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. சிறுவயதில் தெருவில் ஈயம் பூசுபவர் வரும்போது பார்த்திருப்பீர்கள்: பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு இழுப்பு; பளீரென்று பரவும். நவச்சாரம் இல்லாவிட்டால் ஈயம் உருண்டு ஓடிவிடும். ஃபிளக்ஸ் செய்வதும் அதே வேலைதான். இதற்குத் தமிழில் பற்றாசு என்று அருமையான சொல் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹியூரன் நகரின் மியூலர் பிராஸ் நிறுவனம் இந்தப் பற்றவைப்பு இணைப்புகளை 1930களில் பரவலாக்கியது. அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் காப்பர் வொர்க்ஸ் இன்னொரு படி போனது. இணைப்பின் உள்சுவரில் ஒரு பள்ளம் எடுத்து, வேண்டிய அளவு சால்டரைத் தொழிற்சாலையிலேயே வளையமாக வைத்து அனுப்பியது. துலக்கி, ஃபிளக்ஸ் தடவி, நுழைத்து, சூடு காட்டினால் போதும். விளிம்பில் வெள்ளிக் கோடு எட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. அந்தத் தொழிற்சாலை இருந்தது இதே லீட்ஸில் என்று தெரிந்தபோது மாடிக்குப் போய்க் குழாய்களை மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். வருடக்கணக்கில் பழகிய கைத்திறமையின் பெரும்பகுதி ஒரு பித்தளைத் துண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய ஈயக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். டீசல் வந்தபோது எங்கள் நீராவி ஃபிட்டர்களின் முகம் நினைவுக்கு வந்தது.

இனி என் முக்கால் அங்குல விவகாரம். பிரிட்டனில் பழைய செப்புக் குழாய்க்கு உள்விட்டத்தை வைத்துப் பெயர். 1970களின் தொடக்கத்தில் மெட்ரிக் முறைக்கு மாறியபோது வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிட்டார்கள். பழைய குழாயின் சுவர் ஒரு பக்கம் சுமார் 1.2 மி.மீ.; இரண்டு பக்கம் 2.4. கணக்குப் போடுங்கள். அரை அங்குலம்: 12.7 உடன் 2.4 சேர்த்தால் 15.1, புதிய 15 மி.மீ. இணைப்பு பொருந்தும். ஒரு அங்குலம்: 25.4 உடன் 2.4 சேர்த்தால் 27.8, புதிய 28 பொருந்தும். முக்கால் அங்குலம்: 19.05 உடன் 2.4 சேர்த்தால் 21.5 தான். 22 மி.மீ. வளையத்துக்கு அரை மில்லிமீட்டர் பற்றாது. வலுவாக இறுக்கினால் முதல் இரண்டு நாள் பிடித்ததுபோல நடிக்கும். வெந்நீரின் சூட்டில் குழாய் விரிந்து சுருங்க, மெல்லக் கசியும். பிளம்பர் என் வால்வைத் தூக்கிப் போடவில்லை. அதன் வளையத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, முக்கால் அங்குலக் குழாய்க்கென்றே வரும் தடித்த வளையத்தைப் போட்டு இறுக்கினார். பத்து நிமிட வேலை.

இந்தப் பெயர்க் குழப்பம் நம் ஊரிலும் உண்டு. ஏ.சி. மெக்கானிக் அரை அங்குலச் செப்புக் குழாய் என்றால் அது வெளிவிட்டம். அமெரிக்க பிளம்பர் அரை அங்குலம் என்றால் வெளிவிட்டம் எட்டில் ஐந்து அங்குலம். கடையில் பெயரைச் சொல்லாதீர்கள். ஒரு துண்டை வெட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அளப்பதானால் ஸ்கேல் வேண்டாம், வெர்னியர் கேலிப்பர்.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது பிளம்பர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் அங்கேதான் தரையிலிருந்து எழும்புகிறது. சாம்பல் நிறம். நடுவில் கத்தரிக்காய் போல ஒரு வீக்கம். நாணயத்தால் சுரண்டினார், வெள்ளி போல மின்னியது. ஈயக் குழாய்! இரண்டு மாதமாக நான் தினமும் பார்த்தும் பெயின்ட் அடித்த இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில்தான் ஆறு மாதப் பேத்திக்குப் பால் மாவு கலக்கிக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் வேண்டும். தமிழில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் ஈயம் என்றே சுருக்கிவிடுகிறோம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும், பாத்திரத்துக்குப் பூசியதும் வெள்ளீயம். அதனால் கெடுதல் இல்லை. காரீயம் வேறு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. செப்புக் குழாயைப் பற்றவைத்த பழைய சால்டரிலும் பாதிவரை காரீயம்தான். குடிநீர்க் குழாயில் அதை அமெரிக்கா 1986 இலும் பிரிட்டன் 1987 இலும் தடை செய்தன. இப்போது வெள்ளீயத்தோடு சிறிது செம்போ வெள்ளியோ கலந்த சால்டர்.

தண்ணீர் நிறுவனத்திடம் சொன்னோம். மாதிரி எடுத்துப் போனார்கள். அங்கே வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்; எங்கள் வீட்டில் 7. வரம்புக்குள்தான். குழாயின் உட்புறம் மெல்லிய படிவு படியும்படி தண்ணீரில் பாஸ்பேட் கலக்கிறார்களாம். அது ஈயம் கரைவதைக் குறைக்கிறது. மருமகன் "வரம்புக்குள்தானே மாமா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். மகள் எதுவும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வாரமே ஆள் வரச் சொல்லிவிட்டார் மருமகன். அதுவரை காலையில் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடித்தோம். இரவு முழுதும் குழாயில் நின்ற தண்ணீரில்தான் ஈயம் அதிகம். வெந்நீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ எடுப்பதில்லை.

தோட்டத்தைத் தோண்டி நீல நிற பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். வீட்டின் எல்லைவரை நம் செலவு, அதற்கு அப்பால் நிறுவனத்தின் பொறுப்பு. ஒழுகிய வால்வை முதல் நாளே பிளம்பரிடம் விட்டிருந்தால் சீலிங்குக்கு வெள்ளையடித்த செலவு மிச்சம். ஆனால் அவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்திருப்பாரா என்பது தெரியாது.

பழைய வீட்டில் இருப்பவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் பழைய வீடு வாங்கியிருக்கும் நம் பிள்ளைகள், வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு நாணயம் போதும். செம்பாக இருந்தால் சிவக்கும், இரும்பு சுரண்டவே வராது, காரீயம் மெத்தென்று மின்னும்.