மின்கலத்துள் மறைந்திருக்கும் தடை

மின்சாரத்தால் ஓடும் துவிச்சக்கர வண்டி இன்று பல நாடுகளின் வீதிகளிற் சாதாரண காட்சியாகிவிட்டது. அவ்வண்டியைப் பயன்படுத்துவோரிடம் அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. இரவு முழுவதும் மின்னேற்றிய கலவடுக்கு காலையில் நிறைந்த அளவையே காட்டுகின்றது. சமதரையில் வண்டி நன்றாகவே ஓடுகின்றது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் வோல்ற்றளவு சட்டெனத் தாழ்கின்றது, மோட்டார் தளர்கின்றது, சிலவேளை முற்றாக நின்றும் விடுகின்றது. இறங்கிச் சற்று நேரம் காத்திருந்தாலோ, இழந்த அளவு தானாகவே மீள்கின்றது. இதுகண்டு மோட்டாரைப் பழிப்போரும் உளர்; பெரும்பணம் செலவிட்டுப் புதிய கலவடுக்கு வாங்குவோரும் உளர்.

வண்டி புதிதாயினும் இப்புதிர் பழையது. மின்கலம் பிறந்த நாளிலேயே இதுவும் உடன் பிறந்தது எனலாம்.

இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ற்றா, 1800ஆம் ஆண்டில் உலகின் முதல் மின்கலவடுக்கை அறிமுகஞ் செய்தார். இருவேறு உலோகத் தட்டுக்களை மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். தொடர்ந்து பாயும் மின்னோட்டம் மனிதனுக்கு முதன்முதலாகக் கிட்டியது. ஆயினும் அவ்வடுக்கிற் பெருங்குறை ஒன்றிருந்தது. மின்னோட்டத்தை எடுக்க எடுக்க, உலோகத் தட்டின்மீது ஐதரசன் குமிழிகள் படிந்து அதன் வலுவைக் குறைத்தன. சுற்றைத் துண்டித்து ஓய்வு கொடுத்தால் வலு ஓரளவு மீண்டது.

இக்குறை ஒரு பாடசாலை ஆசிரியரைப் பெரிதும் அலைக்கழித்தது. அவர் ஜேர்மனியிற் கொலோன் நகரில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஜோர்ஜ் சைமன் ஓம் என்பவர். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789இல் எர்லாங்கன் நகரிற் பிறந்தவர். கம்பியின் நீளம் கூடும்போது மின்னோட்டம் எவ்வாறு குறைகின்றது என்பதை அளந்தறிய அவர் விரும்பினார். ஆனால் அளந்துகொண்டிருக்கும்போதே வோல்ற்றாவின் அடுக்குச் சோர்ந்து போயிற்று. கம்பியால் நேர்ந்த குறைவு எது, அடுக்கின் சோர்வால் நேர்ந்த குறைவு எது எனப் பிரித்தறிவது அரிதாயிற்று. 1825இல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரையிற் கண்ட சூத்திரம் பொதுவிதியாக நிலைக்கவில்லை.

அப்போது விஞ்ஞான ஏட்டின் ஆசிரியராக விளங்கிய பொகன்டோர்ஃப், வேறொரு மின்முதலைக் கையாளுமாறு அவருக்கு ஆலோசனை கூறினார். இருவேறு உலோகங்களின் இணைப்புக்களுள் ஒன்றைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1821இற் சீபெக் கண்டிருந்தார். ஓம் செம்பையும் பிசுமதையும் இணைத்தார். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். தளராத மின்முதல் கைக்கு வந்ததும் உண்மை புலனாயிற்று.

1826இல் அவர் கண்ட சூத்திரத்தில் இருவகைத் தடைகள் இடம்பெற்றன. ஒன்று வெளியே உள்ள கம்பியின் தடை. மற்றொன்று, அக்கம்பியை எவ்வளவு குறுக்கினாலும் நீங்காது சுற்றின் எஞ்சிய பகுதியில் நிற்கும் தடை. மின்முதல் தன்னுள்ளேயே தாங்கும் தடையும் இதில் அடங்கும். இதனையே அகத்தடை என்கின்றோம். மின்னோட்டம் சிறிதாயின் அகத்தடை விழுங்கும் வோல்ற்றளவும் சிறிது. மின்னோட்டம் பெரிதாயின் அதுவும் பெரிது. ஓய்ந்திருக்கும் கலத்தில் அது எதையும் விழுங்காமையால் அப்போது அளப்பவர் கண்ணுக்கு அது தோன்றுவதேயில்லை.

1827இல் ஓம் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். அவர் எதிர்பார்த்த மதிப்பு உடனே கிடைக்கவில்லை. கொலோன் பதவியைத் துறந்து, பல ஆண்டுகள் நிலையான உயர்பதவியின்றிக் கழித்தார். 1841இல் இலண்டன் அரச கழகம் கொப்லி பதக்கத்தை அளித்துச் சிறப்பித்தது. 1854இல் அவர் மறைந்தார். 1881இற் பாரிஸ் நகரிற் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது. அதே ஆண்டில், அதே நகரில், குஸ்தாவ் துரூவே என்பவர் மின்கலம் பொருத்திய முச்சக்கர வண்டியை வீதியில் ஓட்டிக் காட்டினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. வண்டியும் அதன் நோயை அளக்கும் கோலும் ஓராண்டிலேயே பாரிசிற் சந்தித்தன.

1991இல் விற்பனைக்கு வந்த இலித்தியம் அயன் கலத்தில் வோல்ற்றாவின் குமிழிகள் இல்லை; அகத்தடை மட்டும் இருக்கின்றது. கலம் முதுமையடைய அதன் மின்வாயின்மீது ஒரு படலம் தடித்துத் தடையைக் கூட்டுகின்றது. கடுங்குளிரில் அயன்களின் நடை தளர்வதாலும் தடை மிகுகின்றது. தளர்ந்த அல்லது கறையேறிய இணைப்பும் அவ்வாறே செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 36 வோல்ற்றுக் கலவடுக்கொன்றில் 10 கலத் தொகுதிகள் தொடராக உள்ளன. ஓய்வில் 40 வோல்ற்றுக் காட்டும் அது, மேட்டில் 15 அம்பியர் கொடுக்கும்போது 37 ஆகத் தாழ்கின்றது எனக் கொள்வோம். இழந்த 3 வோல்ற்றை 15ஆல் வகுத்தால் 0.2 ஓம் கிடைக்கின்றது. இத்தடையில் 45 வாற்று வலு வீணே வெப்பமாகின்றது. தடை இரட்டித்தால் இழப்பு 6 வோல்ற்று. வெப்பம் 90 வாற்று.

ஆகவே குறை தேடுவோர் செய்யவேண்டியது, ஓய்விலும் சுமையிலும் வோல்ற்றளவை அளந்து ஒப்பிடுவதே. வேறுபாடு முன்னையிலும் மிகுந்திருப்பின், அது எங்கே ஒளிந்துள்ளது என்று அடுத்துப் பார்த்தல் வேண்டும். இணைப்பான் ஒன்று மட்டும் சூடேறினால் குறை அவ்விடத்தது. அதைச் சீர்செய்யச் சிறுசெலவே போதும். குளிர்காலையில் மட்டும் குறை தோன்றின், கலவடுக்கை வீட்டினுள் வைத்துப் பேணுதல் தகும். பத்துத் தொகுதிகளுள் ஒன்று மட்டும் சுமையில் ஏனையவற்றினும் வெகுவாகத் தாழ்ந்தால், காப்புச் சுற்று அதன் பொருட்டே முழு வண்டியையும் நிறுத்துகின்றது. எல்லாத் தொகுதிகளும் ஒருங்கே தாழ்ந்தாற்றான் கலவடுக்கு முதுமையடைந்தது என்று முடிவுகட்டலாம். கலவடுக்கைத் திறந்து தொகுதிகளை அளப்பது தீ அபாயமுடைய செயலாதலின், அதைத் தொழிலறிந்தவர் கையில் விடுவதே முறை.

தொழுவத்தில் நிற்கும் எருதின் தோற்றத்தை மட்டும் கண்டு எந்தக் கமக்காரனும் விலைபேசுவதில்லை. நுகத்திற் பூட்டிப் பார்த்தே வலுவை மதிப்பிடுகின்றான். மின்கலத்துக்கும் அதுவே நியாயம் என்பதை எண்களால் நிறுவியவர் கொலோன் நகரத்துப் பாடசாலை ஆசிரியர். அவர் விதியை அறிந்தவர் நல்ல கலவடுக்கை எறியவும் மாட்டார்; சூடேறும் இணைப்பை அலட்சியஞ் செய்யவும் மாட்டார்.