காவல்துறையின் பழைய துப்பாக்கிகள்: விற்பனையும் தடையும்

காவல்துறை பயன்படுத்திக் கழித்த கைத்துப்பாக்கியைப் பொதுமக்கள் மலிவு விலைக்கு வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. இந்தியாவில் அத்தகைய விற்பனைக்கு இடமில்லை. சட்டம் கடுமையாக இருப்பது மட்டுமே இதற்குக் காரணம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் இந்த வேறுபாட்டின் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு உள்ளது. அதன் தொடக்கப் பகுதி திண்டுக்கல் சீமையோடும் தொடர்புடையது.

திண்டுக்கல் மாவட்டத்தில், கரூர் மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள வட்டம் குஜிலியம்பாறை. இங்கும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் தேர்தல் அறிவிப்பு வந்தவுடன், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் பொதுவாக அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுகின்றனர். தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெறுகின்றனர். இவ்வாறு குடிமக்களின் துப்பாக்கி காவல் நிலையத்துக்குள் போய்வரும். காவல் நிலையத்தின் துப்பாக்கி குடிமக்களிடம் வருவதில்லை.

ஆயுதம் களையப்பட்ட பாளையங்கள்

1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டினார். 1801இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர்.

போர் ஓய்ந்தபின், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி தடைசெய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஊர்க்காவலைப் பாளையக்காரர்கள் ஏற்றிருந்த பழைய காவல்முறையும் முடிவுக்கு வந்தது. ஆயுதம் அரசின் உடைமை, அதைக் குடிமக்கள் வைத்திருப்பது அரசின் சலுகை என்னும் கருத்து இப்பகுதியில் இவ்வாறு வேரூன்றியது.

1857 கிளர்ச்சிக்குப் பின் இக்கருத்து நாடு முழுவதற்கும் விரிந்தது. வைசிராய் லிட்டன் காலத்தில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்றது அச்சட்டம். ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

காவலருக்கும் குறைந்த ஆயுதம்

ஆங்கில அரசு குடிமக்களை மட்டுமன்றித் தன் இந்தியக் காவலரையும் முழுமையாக நம்பவில்லை. படையினர் .303 அங்குல லீ என்ஃபீல்டு ரைஃபிளை ஏந்தியபோது, காவலருக்கென அதே ரைஃபிள் வேறு வடிவில் மாற்றப்பட்டது. அதன் குழலின் உட்பகுதி வரிப்பள்ளங்கள் இல்லாமல் வழவழப்பாக்கப்பட்டது. விட்டம் .410 அங்குலமாக அகலப்படுத்தப்பட்டது. பல தோட்டாக்களை நிரப்பும் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டை அடைக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஒரு தோட்டாவைக் கையால் இட வேண்டும். குறி தொலைதூரம் செல்லாது. இத்துப்பாக்கி .410 மஸ்கட் எனப்பட்டது. வங்காளத்தின் இஷாபூர் தொழிற்சாலையில் இம்மாற்றங்கள் செய்யப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் இந்தியக் காவல் நிலையங்களில் இது புழங்கியது.

குழல் விட்டம் என்னும் வேலி

அரசின் தோட்டா திருட்டுப் போனாலும் அது குடிமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பது ஆங்கிலேயரின் அடுத்த ஏற்பாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அங்குல ரைஃபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவது தடுக்கப்பட்டது. இதனால் இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலகங்கள் யானை, புலி வேட்டைக்காக .470 போன்ற புதிய அளவுகளை உருவாக்க நேர்ந்தது.

இந்த அச்சம் காரணமின்றி எழுந்ததன்று என்பதற்கு 1914 ஆகஸ்டில் நடந்த ரோடா நிறுவனக் கொள்ளை ஓர் எடுத்துக்காட்டு. கல்கத்தாவில் வங்கப் புரட்சியாளர்கள் அந்நிறுவனத்துக்கு வந்த 50 மௌசர் பிஸ்டல்களையும் ஏறத்தாழ 46,000 தோட்டாக்களையும் கைப்பற்றினர்.

விடுதலை பெற்ற இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியர், இந்தியர் என்ற பாகுபாடு அதில் இல்லை. ஆனால் குழல் விட்டம் என்னும் வேலி அப்படியே நின்றது. 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, .303 ரைஃபிள், .410 மஸ்கட், .380 மற்றும் .455 ரிவால்வர், 9 மி.மீ. பிஸ்டல் ஆகியவற்றின் அரசுத் தோட்டாக்களைச் சுடவல்ல ஆயுதங்களைத் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்த்தது. இவை பெரும்பாலும் காவலரும் படையினரும் ஏந்திய ஆயுதங்களே என்பது கவனிக்கத்தக்கது.

காவல்துறையின் பழைய ரிவால்வர் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் சாதாரண உரிமம் வைத்திருப்பவர் அதை வாங்க முடியாததற்கு இதுவே காரணம். சாதாரண உரிமம் பெற்றோருக்கென .315 அங்குல ரைஃபிளும் .32 அங்குல ரிவால்வரும் அரசுத் தொழிற்சாலைகளில் தனியே தயாரிக்கப்பட்டன. காவல்துறையில் கழிக்கப்படும் ஆயுதங்கள் பொதுவாக உடைத்தோ உருக்கியோ அழிக்கப்படுகின்றன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்புடன் .303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தது. 2019இல் வந்த சட்டத்திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

அமெரிக்காவில் பழையது கொடுத்துப் புதியது

அமெரிக்காவில் காவல்துறையும் பொதுமக்களும் ஒரே வகைத் துப்பாக்கியை வாங்கலாம். எனவே அங்கு காவல்துறையின் பழைய துப்பாக்கிக்குச் சந்தை மதிப்பு உண்டு. 1980களில் ஆஸ்திரியாவின் கிளாக் நிறுவனம் அங்கு விற்பனையைத் தொடங்கியது. பழைய ரிவால்வர்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் மதிப்பைப் புதிய பிஸ்டலின் விலையில் கழித்தது. நம்மூரில் பழைய பாத்திரம் போட்டுப் புதிய பாத்திரம் வாங்குவதைப் போன்றது இது. திரும்பப் பெற்ற ரிவால்வர்கள் வணிகர் வழியாகப் பொதுமக்களிடம் சென்றன.

1990இல் .40 அங்குலத் தோட்டா அறிமுகமாகி, காவல்துறைகளில் விரைவாகப் பரவியது. பின்னர் மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. 9 மி.மீ. தோட்டாவுக்கே திரும்பியது. பல காவல்துறைகளும் அதைப் பின்பற்றின. கழிக்கப்பட்ட .40 பிஸ்டல்கள் சந்தையில் குவிந்தன. விலை இறங்கியது. உறையில் நுழைத்து எடுத்ததால் இவற்றின் மேற்பூச்சு தேய்ந்திருக்கும். ஆனால் காவலர் பயிற்சிக்கு மட்டுமே சுடுவது வழக்கமாதலால், உள்ளிருக்கும் பாகங்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். மலிவு விலை பலரை ஈர்ப்பதற்கு இதுவே காரணம்.

இந்த மலிவுக்கு வேறொரு விலையும் உண்டு. காவல்துறைகளுக்குச் சொந்தமாக இருந்த துப்பாக்கிகளில் 52,000க்கும் மேற்பட்டவை 2006க்குப் பிந்தைய காலத்தில் குற்ற விசாரணைகளில் கைப்பற்றப்பட்டன என்று 2024இல் அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் வெளிப்படுத்தின. திருடப்பட்டவை, தொலைந்தவை ஆகியவற்றோடு விற்கப்பட்டவையும் இவற்றில் அடங்கும். இதனால் வருவாய் போனாலும் பழைய துப்பாக்கிகளை அழிப்பதே நல்லது என்ற கருத்து அங்கும் வலுத்து வருகிறது.

இந்தியாவில் மலிவு யாருக்கு?

இந்தியாவில் மலிவு விற்பனையே நடந்ததில்லை என்று சொல்ல இயலாது. 1980களின் நடுப்பகுதியில் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் விலை பல மடங்கு உயர்ந்தது. அக்காலத்தில் சுங்கத்துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் சந்தை விலையை விட மிகக் குறைவாக வழங்கப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இவ்விவரங்கள் வெளிவந்தன. பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் கேட்கும் சிற்றூர் உழவர் நெடுநாள் காத்திருக்க, சலுகை விலை பதவியில் இருப்போருக்குக் கிடைத்தது. ஐரோப்பியருக்கு 1878இல் அளித்த விலக்கை இது நினைவூட்டுகிறது.

முடிவுரை

குடிமக்கள் மீது கொண்ட அவநம்பிக்கையால் ஆங்கில ஆட்சி ஒரு வேலி அமைத்தது. விடுதலை பெற்ற நாடு அதைப் பொதுமக்கள் பாதுகாப்பிற்காக வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்க்கும்போது, அவ்வேலி பயனற்றது என்று கூற இயலாது. அதே வேளையில், வேலி எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அது சட்டம். சிலருக்கு மட்டும் திறப்பு வைத்தால் அது சலுகை. காவல்துறையின் பழைய துப்பாக்கிகளின் வரலாறு மாணவர்களுக்கு உணர்த்தும் பாடம் இதுவே.